குளிசைப் பைக்கற்றில் பெயர் எங்கே?

கல்முனைப் பக்கம் சீனி வருத்தக்காரர் பலருக்கு இரண்டு டொக்டர்மார். மாதாந்தக் கிளினிக்கில் ஒருவர். இடையில் முழங்கால் உளைந்தால் பின்னேர டிஸ்பென்சரியில் இன்னொருவர். கிளினிக் மருந்து கொப்பியில் ஏறுகிறது. டிஸ்பென்சரி மருந்தோ பல வேளை சின்னப் பைக்கற்றில், காலை ஒன்று இரவு ஒன்று என்ற குறிப்போடு மட்டும் வருகிறது. பெயர் கிடையாது.

உள்ளே டைக்ளோஃபெனாக் என்ற வலிக் குளிசை இருக்கலாம். பிரஷருக்கு லொசாட்டனும் நீர் இறக்கும் குளிசையும் பாவிப்பவருக்கு இந்த மூன்றாவதும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகக்கூடும். தனித்தனியே பார்த்தால் இரு டொக்டர்மாரும் சரியாகவே எழுதியிருப்பார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1929 இன் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் மோர்ஃபின் போன்றவற்றைக் கணக்கில் வைக்கிறது. தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இவற்றின் கண் போதையிலும் பதிவிலும் அனுமதியிலும். ஒரே நோயாளியின் வயிற்றுக்குள் எவையெவை சேர்கின்றன என்று பார்ப்பது இவற்றின் வேலையல்ல.

கணினிவழிக் கண்காணிப்பு இந்த ஓட்டையை அடைக்குமா? பாதி அடைக்கும். புளோரிடாவில் 2010 இலிருந்து வலிநிவாரணக் கிளினிக்குகளை இறுக்கி, 2011 இல் மருந்துச்சீட்டுத் தரவுத்தளத்தையும் தொடங்கினார்கள். 2012 க்குள் ஒக்ஸிகோடோன் என்ற வலிநிவாரணியால் நேர்ந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆனால் அமெரிக்காவில் சீட்டு இறுகியபோது சிலர் ஹெரோயினுக்குப் போனார்கள். உண்மையான வலிக்காரரும் சந்தேகப் பார்வைக்கு ஆளானார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த நமதூரில் இன்னொரு பயமும் உண்டு: ஒரு பெண்ணின் மனநோய்க் குளிசை திரையில் தெரிந்தால், அது பாமசிக் கவுண்டரோடு நிற்குமா? யார் எதைத் திறந்து பார்த்தார் என்ற பதிவில்லாத எந்த முறையையும் நான் ஏற்கமாட்டேன்.

திரைக்குத் தெரியாததும் இருக்கிறது. நோன்பு மாதத்தில் காலைக் குளிசையைத் தாங்களே சஹருக்கு மாற்றுவோர் பலர். சீனிக்கான கிளிபென்கிளமைட் குளிசையை விழுங்கிவிட்டுப் பகல் முழுதும் பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தாக இறங்கும். பதிவு சொல்வது எழுதிய மருந்தை, விழுங்கிய நேரத்தையல்ல.

கணினி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டிஸ்பென்சரிக்குப் போகும்போதும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். பைக்கற்றில் குளிசையின் பெயரை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.