'மங்கையர்க்கரசியின் காதல்': நிறையும் குறையும்

வ. வே. சு. ஐயரின் (1881–1925) 'மங்கையர்க்கரசியின் காதல்' என்னும் சிறுகதைத் தொகுதியைப் பெயரளவில் அறிந்தோர் பலர். முழுதும் பயின்றோர் சிலரே. 1915ஆம் ஆண்டு 'விவேகபோதினி' இதழில் வெளிவந்து, பின்னர் இத்தொகுதியில் இடம்பெற்ற 'குளத்தங்கரை அரசமரம்' தமிழின் முதற் சிறுகதையா என்னும் வினாவே ஆராய்ச்சியாளர் கருத்தைப் பெரிதும் ஈர்த்துவிட்டது. பாரதியாரின் 'ஆறில் ஒரு பங்கு' அதற்கு முற்பட்டது என்பர் ஒருசாரார். வடிவ ஒருமை ஐயரிடமே முதலிற் காணப்படுகிறது என்பர் பிறர். இலக்கிய வரலாற்றிற்கு இவ்வினா வேண்டுவதே. எனினும், முதன்மை வேறு, சிறப்பு வேறு. தொகுதியின் நிறைகுறைகளைக் கதைகளைக் கொண்டே காண்டல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'குளத்தங்கரை அரசமரம்' கதையை மரமே கூறுகிறது. ஞாயிறு, கடல், மரம் முதலியன சொல்வன போலவும் கேட்பன போலவும் செய்யுளில் வருதல் உண்டெனத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துள்ளது. ஆதலின், இது தமிழுக்கு முற்றிலும் புதிதன்று. ஐயரின் திறன் இவ்வுத்தியைத் துன்பத்திற்கே கருவியாக்கியதில் உள்ளது. பெற்றோரை ஏமாற்றவே மறுமணத்திற்கு இசைவதுபோல் நடிக்கும் நாகராஜன், தன் உட்கருத்தை நண்பனிடம் கூறுகிறான். மரம் அதனைக் கேட்கிறது. ருக்மிணியின் துயரத்தையும் மரம் காண்கிறது. அவளைக் காக்கவல்ல ஒரு செய்தி மரத்திடம் இருந்தும், அதனை அவளிடம் கூற அதற்கு வாயில்லை. அச்செய்தியை அறிந்த படிப்போரும் மரத்தைப் போலவே செயலற்று நிற்கின்றனர். குறுந்தொகை 25ஆம் பாடலிலும் தலைவன் தலைவியை மணந்த காலத்தில் உடனிருந்த சான்று ஒரு குருகே. பேசாச் சான்றின் அவலம் இரண்டிற்கும் பொதுவாம்.

இக்கதை தாகூரின் 'காட்டேர் கதா'வை (1884) ஒட்டியது என்பது நெடுநாளைய கருத்து. அங்கே கதை கூறுவது படித்துறை, இங்கே மரம். இரண்டிலும் பெண் நீரில் மறைகிறாள். இவ்வொற்றுமை மறுத்தற்கரியது. ஆயின், தாகூரின் குசும் இளங்கைம்பெண். துறவி ஒருவர்பால் அவளுக்கு எழுந்த அன்பே அவள் முடிவுக்குக் காரணம். ருக்மிணியின் துன்பமோ பணத்திலிருந்து பிறக்கிறது. 1906இல் நிகழ்ந்த ஆர்பத்நாட் வங்கியின் வீழ்ச்சியால் தந்தை பொருளிழக்க, அதுவரை இனிய மருமகளாயிருந்தவள் வேண்டாதவளாகிறாள். அமைப்பு கடன் பெற்றதாயினும், காரணம் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தினுடையது.

குறையும் இக்கதையிலேயே தொடங்குகிறது. ருக்மிணியின் எழிலைக் காப்பிய முறையில் விரித்துரைக்குமிடத்து மரத்தின் எளிய குரல் மறைந்து, கம்பனில் தோய்ந்த புலவரின் குரல் கேட்கிறது. இதனினும் பெரிய குறை இறுதி அறவுரையாகும். விளையாட்டிற்காகவும் பெண் மனத்தை வருத்தலாகாது என்று மரம் முடிக்கும்போது, பழி முழுதும் நாகராஜனின் விளையாட்டின் மேற் சென்றுவிடுகிறது. பொருள் போனவுடன் மருமகளைத் தள்ளிய பெற்றோரின் பேராசை அவ்வறத்தின் எல்லைக்குள் வரவில்லை. கதை கண்ட உண்மை பெரிது. அறவுரை கண்டது சிறிது.

ஏனைய கதைகளின் களம் வியக்கத்தக்க அளவு விரிந்தது. 'எதிரொலியாள்' கிரேக்கப் புராணத்தையும், 'லைலா மஜ்னூன்' அரபு, பாரசீகக் காதல் மரபையும், 'அனார்கலி' மொகலாயர் காலத்தையும், 'அழேன் ழக்கே' முதல் உலகப்போர்க் காலத்தையும் சார்ந்தவை. தமிழ்ச் சிறுகதை தன் இளமையிலேயே உலகை நோக்கிற்று என்பதற்கு இத்தொகுதி சான்று. எனினும், இவற்றில் உணர்ச்சி நிகழ்ச்சியிலிருந்து முகிழ்ப்பதைவிட, ஆசிரியரின் வருணனையால் ஊட்டப்படுவதே மிகுதி. வடசொற் செறிவும் நீண்ட உணர்ச்சியுரைகளும் பாத்திரங்களுக்கிடையேயுள்ள வேறுபாட்டை மங்கச் செய்கின்றன. களம் மாறினும் குரல் மாறவில்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கதை கூறுவோனுக்கு அமைந்த எல்லையே எனலாம். அரசமரம் தன் நிழலெல்லைக்குள் நிகழ்வதையே காணவும் கேட்கவும் வல்லது. அவ்வெல்லை ஐயரின் பரந்த புலமைக்கு ஓர் அணையாயிற்று. பிற கதைகளில் அவ்வணை இல்லை. ஆதலின், 'முதற் சிறுகதை' என்னும் பட்டத்தைக் காட்டிலும், சிறுகதைக்குச் சுருக்கம் எங்ஙனம் வலிமை தருகிறது என்பதை ஒரே நூலில் நிறையாலும் குறையாலும் உணர்த்துவதே இத்தொகுதியின் நிலையான பயனாகும்.