வீட்டு மேசையில் பிறந்தது யாருக்கு?

நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில், ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் பிரிவே கிடையாது. வேலையில் சேரும் அன்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம்தான் இங்கே எல்லாம். அதனால் மென்பொருள் துறை நண்பர்கள் கலிஃபோர்னியாவைக் காட்டி, அங்குள்ள சட்டத்தை அப்படியே கொண்டுவந்தால் போதும் என்கிறார்கள். போதாது என்பதே என் கட்சி.

அந்த மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 2870ஆம் பிரிவு 1979இல் வந்தது. சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவிகளையும் வணிக ரகசியங்களையும் தொடாமல் உருவாக்கியதை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்கிறது. நல்லதுதான். டெக்ஸாஸில் இந்தக் காப்பு இல்லை. அங்கே அல்காடெல் நிறுவனத்தின் வழக்கில், பொறியாளர் ஒருவரின் தலைக்குள் மட்டுமே இருந்த யோசனைகூட நிறுவனத்துக்கு உரியது என்று தீர்ப்பானது.

ஆனால் அதே 2870 ஒரு விலக்கும் வைக்கிறது: கண்டுபிடிப்பு நிறுவனத்தின் தொழிலோடோ, அது செய்துவரும் அல்லது செய்யவிருக்கும் ஆராய்ச்சியோடோ தொடர்புடையதாக இருந்தால் காப்பு இல்லை. தேடுபொறி, வரைபடம், கைபேசி, தானியங்கிக் கார் என்று எல்லாவற்றிலும் கால்வைத்த நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாத எதை ஒரு பொறியாளர் யோசிக்க முடியும்? மருத்துவ ஆராய்ச்சியிலும் அது இறங்கியிருந்தால், விளம்பரப் பிரிவில் வேலை பார்ப்பவர் வீட்டில் செய்த மருத்துவக் கருவிகூட மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, நிரூபிக்கும் சுமையை 2872ஆம் பிரிவு ஊழியர் தலையில் ஏற்றுகிறது. பணிக்காலத்தில் செய்த எல்லாக் கண்டுபிடிப்புகளையும் தெரிவிக்கச் சொல்லி நிறுவனம் கேட்கலாம் என்கிறது 2871. சட்டத் துறையே வைத்திருக்கும் நிறுவனத்தோடு மாதச் சம்பளக்காரர் வழக்காடுவாரா?

இந்தச் சட்டத்தின் ஆதரவாளர்கள் தவறாமல் வோஸ்னியாக்கை இழுப்பார்கள். 1976இல் ஹியூலெட்-பேக்கார்டில் வேலை பார்த்தபடியே ஆப்பிள் 1ஐ வடிவமைத்தவர் அவர். ஹியூலெட்-பேக்கார்ட் அப்போதே கணினி விற்ற நிறுவனம். 2870 அன்று இருந்திருந்தாலும் அவரைக் காத்திருக்காது. நிறுவனம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததால்தான் தப்பித்தார்.

நிறுவனம் என்னென்ன செய்கிறது என்பதை அளவுகோலாக வைத்ததே கோளாறு. இந்த ஊழியருக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்றல்லவா கேட்க வேண்டும்? பிரிட்டனின் 1977ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 39ஆம் பிரிவில் அவருடைய கடமைகளைத்தான் பார்க்கிறது. தன் கண்டுபிடிப்பின் மேல் ஊழியருக்கு உள்ள உரிமையைக் குறைக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று 42ஆம் பிரிவு சொல்கிறது. டெல்லியில் ஒரு திருத்தம் எழுதப்படுமானால், முன்மாதிரியாக மேசையில் இருக்க வேண்டியவை இந்த இரண்டு பிரிவுகள்தான்.