தேநீர்க்கலமும் தெய்வ உருவும்: சென்னை வெள்ளி வேலை வரைபுகள் பற்றிய ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்னை மவுண்ட் ரோட்டில் இயங்கிய பி. ஓர் அன் சன்ஸ் நிறுவனம் ‘சுவாமி வேலை’ எனப்பட்ட வெள்ளிக்கலங்களாற் புகழ்பெற்றது. கேத்தல், பாற்கலம், சீனிக்கிண்ணம் ஆகியவற்றின் புறத்தே தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைப்பதே அவ்வேலை. 1875–76 இல் வேல்ஸ் இளவரசர் மேற்கொண்ட இந்தியப் பயணத்தின் பின் அதன் மதிப்பு உயர்ந்தது. 1850 இல் தோன்றிய சென்னைக் கலைப்பள்ளியும், 1884 இல் தொடங்கிய ‘இந்தியக் கலை இதழு’ம் கைவினைப் பொருள்களைத் தாளில் வரையும் முறையைப் பரப்பின.

பக்கத்தோற்ற வரைபு கலத்தின் ஒரு முகத்தையே காட்டவல்லது. கலத்தின் ஆங்கில வடிவமே அதன் புறக்கோடு; தெய்வ உருவம் அக்கோட்டுக்குள் அடங்கும் அணி. கோயிற் சுவரிலே தெய்வத்துக்குத் திசையும் இடமும் உண்டு. அடியார் வலம்வந்து காண்பர். தேநீர் மேசையிலோ மனிதர் அமர்ந்திருக்க, தெய்வம் சுழல்கிறது.

இதுபற்றி இவற்றைக் கலப்புக்கலை என ஒதுக்குதல் எளிது, ஆயினும் முறையன்று. தாளிற் சமமாக நின்ற உருவத்தை, வயிறு புடைத்துக் கழுத்து ஒடுங்கும் வளைவிற் பொருத்தியவர் தட்டாரே. கலத்தினுள் அரக்கு நிரப்பிச் சிற்றுளியால் உருவத்தை ஒதுக்கியபோது அவர் எடுத்த முடிவுகள் வரைபில் இல்லை. கலத்தின் அடியிலும் நிறுவன முத்திரையே உண்டு. அவர் பெயர் இல்லை. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் வரைபுகளோடு கைவினைஞரின் தொழின்முறையையும் சமூகநிலையையும் இணைத்து ஆராய்ந்தார். சென்னை வரைபுகளுக்கும் அந்நெறியே பொருந்தும்.

மன்னார்–பூநகரி வீதியிலுள்ள வெள்ளாங்குளத்திலிருந்து நோக்குவார்க்கு இவ்வினா மேலும் நெருங்கியது. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் பலர் மன்னார்க் கரையில் இறங்கி மலைநாடு நோக்கி நடந்தனர். 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிடப்பெற்ற தேயிலை, இலைநோயால் அழிந்த கோப்பியின் இடத்தைப் பின்னர்ப் பெற்றது. 1914 இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவை தொடங்கியபின் தேயிலைத் தொழிலாளர் அவ்வழியே சென்றனர்.

கேத்தலிற் பொறிக்கப்பெற்ற தெய்வங்கள் அவர்களுள் மிகப்பலர் வணங்கிய தெய்வங்களே. தெய்வத்துக்கு இடமளித்த வரைபு, வணங்கியோரின் உழைப்புக்கு இடமளிக்கவில்லை. ஆதலின் கோட்டழகை மட்டும் வியத்தல் அரைத் திறனாய்வாகும். வெள்ளியை ஒதுக்கிய கையையும் கொழுந்து பறித்த கையையும் உடன்வைத்து நோக்கும்போதே இவ்வரைபுகளின் மதிப்பீடு நிறைவுறும்.