எண்ணெயிலிருந்து இரும்புக்கு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை, ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் சாலை, 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்தும் 2010-இல் ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலையிலிருந்தும் வண்டிகள் வெளிவரத் தொடங்கிய பின்னர், கார்கள் பிறக்கும் நிலத்தின் நடுவே ஓடும் சாலையாயிற்று. ஆலைக்குள் காரின் உடற்கூடு கன்வேயரில் தொங்கியபடி தலைக்கு மேலே நகர்ந்து வருவதால், அதன் அடிப்பாகத்தைக் காண எவரும் குனிய வேண்டியதில்லை. அதே கார் சாலையோரப் பட்டறைக்கு வந்து நிற்கும்போதோ, அதைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துவதே தனிக் கலையாகிவிடுகிறது.

அக்கலையின் கருவி டிராலி ஜாக்கி, அதாவது சிறு உருளைகளின்மேல் தாழ்ந்து கிடக்கும், நீண்ட கைப்பிடி கொண்ட எண்ணெய் ஜாக்கி. அடைபட்ட திரவத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதியை 1795-இல் ஜோசப் பிராமா அழுத்தப்பொறியாக்கினார். நியூயார்க்கின் ரிச்சர்ட் டட்ஜன் 1851-இல் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய பிஸ்டனைவிடப் பெரியதன் விட்டம் 4 மடங்கானால் விசை 16 மடங்காகும். ஆனால் உயர்வு பதினாறில் ஒரு பங்காகக் குறைவதால், கைப்பிடியைப் பலமுறை அழுத்தினாலன்றி வண்டி எழாது.

இதில் கண்ணுக்கு இனியது கிண்ணத்தின் பாதை. ஜாக்கியின் கை ஒரு முனையில் கீல் கொண்டிருப்பதால், வண்டியைத் தாங்கும் கிண்ணம் நேராக மேலெழாமல் வில்போல் வளைந்து எழுகிறது. அவ்வளைவுக்கு ஈடுகொடுக்க ஜாக்கி தானாகவே காருக்கு அடியில் சில விரற்கடை உருண்டு செல்ல வேண்டும். ஓர் உருளையின் முன் கிடக்கும் சிறு ஜல்லியும் அந்நகர்வைத் தடுத்து, கிண்ணத்தை வண்டியின் அடியிலிருந்து வழுக்கச் செய்துவிடும் என்பதால், நல்ல மெக்கானிக் ஜாக்கியைத் தொடுமுன் தரையைக் காலால் ஒருமுறை தள்ளிக் கூட்டுகிறார். இந்த ஒரு செயலைக் கொண்டே அவருடைய தேர்ச்சியை மதிப்பிடலாம்.

முன்பக்கத்தைத் தூக்குவதானால், வீல் நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் முறை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களையே பிடிப்பதால், பின்பக்கம் எழும்போது அது பயனற்றுப்போக, முன்சக்கரத்தின் கட்டையே காவலாகிறது. திருவாரூர் ஆழித்தேரில் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தப்பட்ட பின்னரும் முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தோடு செல்வதைக் கண்டவர்க்கு இதன் நியாயம் விளங்கும்.

ஜாக்கியின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால், முன்னறிவிப்பின்றி வண்டி இறங்கும். ஆகவே தூக்குவது ஜாக்கியின் வேலை, தாங்குவது இரும்பு ஸ்டாண்டின் வேலை. கையேடு காட்டும் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கி நிற்க, கதவுகளுக்குக் கீழே இரு தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட விளிம்பில், வெட்டுக்குறிகளுக்கு நேராக ஸ்டாண்டுகள் வைக்கப்படுகின்றன. சித்திரை வெயிலில் தார் இளகி ஸ்டாண்டின் கால்கள் புதையக்கூடுமாதலால், கீழே ஒட்டுப்பலகை இடுவதும் இந்நிலத்துக்குரிய விவேகமே.

பின்னர் ஜாக்கியின் வால்வு மயிரிழை அளவு திறக்கப்படுகிறது. எண்ணெய் மெல்லச் சீறித் திரும்ப, வண்டி ஒரு விரற்கடை இறங்கி, ஸ்டாண்டின் தலையில் மந்தமான ஒலியோடு அமர்கிறது. பாரம் எண்ணெயிலிருந்து இரும்புக்கு மாறிய அந்தக் கணத்திலும் மெக்கானிக் உள்ளே நுழைவதில்லை. பக்கவாட்டில் நின்று, வண்டியை உள்ளங்கையால் இருமுறை அழுத்தி உலுக்கிப் பார்த்து, அது அசையாதபோதுதான் தரையில் சாக்கை விரிக்கிறார்.