தெர்மக்கோல் மாளிகையும் கொட்டாங்குச்சித் தராசும்

மாளிகை ஒன்று கண்டேன். பள்ளிக் கண்காட்சியிலே, தெர்மக்கோலால் எழுந்த வெள்ளை மாளிகை! மாடியிலே மின்விளக்கு, முற்றத்திலே நெகிழிப் புல்வெளி, கூரையிலே மழைநீர்க் குழாய். ஆக்கியோன் ஆறாம் வகுப்பு மாணவன் என்றது ஒட்டியிருந்த சீட்டு. "தம்பி, கூரைநீர் எவ்வழியே கிணற்றுக்குச் செல்கிறது?" என்றேன். விழித்தான். "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன், ஐயா" என்றான். மாளிகைக்கு முதற்பரிசு!

அதே மேசையின் கோடியிலே ஒரு தராசு. கொட்டாங்குச்சி இரண்டு, மூங்கில் குச்சி ஒன்று, கொஞ்சம் சணல், அவ்வளவே. ஒரு தட்டு தாழ்ந்ததால், மறுதட்டின் அடியிலே புளியங்கொட்டை இரண்டை ஒட்டியிருந்தாள் அதைச் செய்த சிறுமி. யார் சொல்லித் தந்தது? "யாரும் இல்லை, ஐயா. சாய்ந்தது, ஒட்டினேன்" என்றாள். பரிசு இல்லை. அழகு போதாதாம்! தீர்ப்புத் தாளிலே கையெழுத்திட்ட மூவரில் நானும் ஒருவன். அந்த வெட்கந்தான் இதனை எழுத வைக்கிறது.

வீட்டிலே செய்து வா எனப் பள்ளி தரும் பணியை நான் பழிக்கவில்லை. 'ப்ராஜெக்ட்' என்ற பெயரால் இன்று அது நடக்கும் முறையையே பழிக்கிறேன். எரிமலை வேண்டுமா, இதயம் வேண்டுமா, சூரியக் குடும்பம் வேண்டுமா? எல்லாம் கடையிலே விலைக்குக் கிடைக்கும். காசுள்ள தந்தை வாங்குகிறார்; படித்த தாய் ஒட்டுகிறார்; பிள்ளை சுமந்து வருகிறது. கூலி வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் தாயின் பிள்ளையோ, வெறுங்கையோடு வந்து திட்டு வாங்குகிறது. படைப்பாற்றலை வளர்க்கும் பணியா இது? பணப்பையை அளக்கும் பணி! பிறர் வேலைக்குத் தன் பெயர் எழுதும் பொய்யையும் அல்லவா பழக்குகிறது!

வேறு வழி உண்டா என்பர். உண்டு, செய்தும் காட்டினர். மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்திலே, 1972-இல், 16 நடுநிலைப் பள்ளிகளிலே ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கிற்று. நால்வர் நால்வராக அமர்ந்து பிள்ளைகளே சோதனை செய்தனர். பாடநூல் விடை தரவில்லை, வினாவே தந்தது. தேர்விலே நூலைத் திறந்து பார்க்கலாம்! மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லையென்றால் நூலை மூடி வைப்பானேன்? ஐயம் எழுந்தால் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதினர் குழந்தைகள்.

1978-இல் அங்குச் சென்ற அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர், தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வு ட்யூப் துண்டுகளையும் இணைத்து உருவங்கள் செய்து காட்டினார். நான்கு குச்சியால் சதுரம் செய். விரலால் தள்ளு, சாய்ந்துவிடும். மூன்று குச்சியால் முக்கோணம் செய். தள்ளு, வடிவம் குலையாது. பாலத்து இரும்புச் சட்டங்களிலே முக்கோணம் ஏன் என்பதைப் பிள்ளையின் விரலே பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது! 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆயினும், அரசுப் பள்ளிகளிலே முப்பது ஆண்டு நடந்ததை 'நடவாது' என்று எவர் சொல்ல முடியும்?

இங்கே தோழர் ஒருவர் குறுக்கிடுவார்: "கைவேலை, வீட்டிலே வேலை என்கிறீரே, 1953-ஐ மறந்தீரோ?" மறக்கவில்லை. அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றது இராசாசியின் திட்டம். எதிர்ப்பு மூண்டது, 1954-இல் காமராசர் ஆட்சியிலே அது கைவிடப்பட்டது. அத்திட்டத்திலே கை, பிறப்பு விதித்த தொழிலைத் திரும்பச் செய்தது. நான் கேட்கும் கல்வியிலே கை, வினாத் தொடுக்கிறது. குயவர் மகளும் கணக்கர் மகனும் ஒரே மேசையிலே ஒரே தராசைச் செய்வது குலக்கல்வி அன்று, அதற்கு நேர்மாறு. உழைக்கும் கையை இழிவென்ற நாட்டிலே, பேனா பிடிக்கும் பிள்ளைகள் அனைவரும் சுத்தியலும் பிடிக்கட்டுமே!

இவ்வாண்டு என் வகுப்பிலே பணியைப் பள்ளியிலேயே குழுவாகச் செய்கிறார்கள். வீட்டிலிருந்து வரவேண்டியது எறியும் பொருள் மட்டுமே: கொட்டாங்குச்சி, அறுந்த செருப்பு, காலித் தீப்பெட்டி. விடுமுறையிலே வீட்டில் தொடர்ந்தால், பெற்றோர் கேள்வி கேட்கலாம், கை வைக்கலாகாது. எங்கே தவறிற்று, எப்படித் திருத்தினோம் என ஒரு தாளிலே எழுதி அருகே வைக்க வேண்டும். "கண்காட்சிக்கு அழகாய் ஒன்றுமில்லையே" என்று முகம் சுளித்த பெற்றோரும் உண்டு.

தராசுச் சிறுமி இப்போது ஏழாம் வகுப்பு. அவள் குழு செய்யும் நுங்கு வண்டியின் அச்சு முறிந்துகொண்டே இருக்கிறது. மூங்கிலை விட்டு வேலங்குச்சி போடலாமா என்று மூன்று நாளாய் வாதம் நடக்கிறது.