பொம்மை ரயிலும் யதார்த்தமும்

பொம்மை ரயிலைப் பற்றி விமர்சனம் எழுத உட்கார்ந்துவிட்டானே என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நாவலில் யதார்த்தம் என்றால் என்ன என்று நாம் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையில், வாயால் சொல்லி விளங்காத சில விஷயங்களை இந்தப் பொம்மைக்காரர்கள் கைவேலையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. என் நாவல் ஒன்றைப் படித்த நண்பர் ஒருவர், "தெருவை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், ஸார். எந்த வீட்டுத் திண்ணையில் எத்தனை தூண் என்பதுகூடச் சரி. ஆனால் அந்தத் தெருவில் என்னால் நடக்க முடியவில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தெருவில் பதினைந்து வருஷம் குடியிருந்தவன் நான். எழுதுமுன் மறுபடியும் போய்த் தூண்களை எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தவன். கோபம் ஆறியது, அவர் சொன்ன வார்த்தை மட்டும் ஆறாமல் உறுத்திக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் மாதிரி ரயில்களைப் பற்றிய சில புத்தகங்களும் படங்களும் கைக்குக் கிடைத்தன. நேரில் போய்ப் பார்த்தவனில்லை. படங்களை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நவராத்திரிக் கொலுவுக்கு முன்னால் 'பார்க்' போடுவது நமக்குத் தெரியும். மண்ணைக் கொட்டி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவிட்டு, கல்லை அடுக்கி மலையாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்திக் குளம் என்போம். குளத்தில் நிற்கும் வாத்து பக்கத்திலிருக்கும் கோபுரத்தைவிடப் பெரிதாயிருக்கும். யாரும் குறை சொல்வதில்லை, அது கொலு. மாதிரி ரயில்காரன் இந்த இடத்தில்தான் நம்மிடமிருந்து பிரிகிறான். அவனுக்கு அளவு வேண்டும். இங்கிலாந்தில் பெரும்பாலோர் கொள்ளும் கணக்கு, நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் 4 மில்லிமீட்டர், அதாவது எழுபத்தாறில் ஒரு பங்கு. ஆறடி மனிதன் 24 மில்லிமீட்டர் நிற்பான். கதவும் ஜன்னலும் வேலிப்படலும் அந்தக் கணக்கிலேயே வரவேண்டும்.

இவ்வளவு கறாராகத் தொடங்குகிறவன் அடுத்த அடியிலேயே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கில் ஒரு மைல் என்பது 69 அடி. ஐந்து மைல் தள்ளியிருக்கும் இரண்டு ஸ்டேஷன்களை உள்ளபடி செய்ய வேண்டுமானால் 346 அடி நீளத்தில் கொட்டகை வேண்டும். யாரிடம் இருக்கிறது? ஆகவே தூரத்தைச் சுருக்குகிறான். வளைவுகளை நிஜ ரயில் கவிழ்ந்துவிடும் அளவுக்கு நெருக்குகிறான். இதைவிட வேடிக்கை, தண்டவாளம். நிஜத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 4 அடி 8½ அங்குலம். கணக்குப்படி அது 18.83 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஆனால் அங்கே கடைகளில் விற்கும் 'டபிள் ஓ' தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். இங்கிலாந்தின் எஞ்சின்கள் உருவில் சிறியவை. இன்னும் சிறிய அளவில் செய்தபோது அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடலைப் பெருக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தத் தேசத்து மாதிரி ரயில்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு பொய்யின்மேல்தான் ஓடுகின்றன. பார்க்கிறவர்களில் பலருக்கு அது கண்ணில் படுவதேயில்லை.

ஆனால் எது கண்ணில் படும் தெரியுமா? பின்னால் இருக்கும் திரை.

நாடகக் கொட்டகையில் தர்பார் சீனும் வனாந்தர சீனும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பள்ளத்தாக்கையும் வயலையும் கட்டை, கம்பிவலை, சுண்ணச்சாந்து கொண்டு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இரண்டு மூன்றடிக்கு அப்பால் சுவர் வந்துவிடுகிறது. அந்தச் சுவரை வானமாக்க வேண்டும். ஒரே நீலமாகப் பூசினால் சுவர் சுவராகவே நிற்கும். உச்சியில் நீலம் அழுத்தமாகவும், கீழே வர வர வெளுத்தும், அடிவானத்தில் ஏறக்குறைய வெண்மையாகவும் இருக்க வேண்டும். தூரத்து மலையைப் பச்சையாகத் தீட்டினால் முன்னே பாய்ந்துவிடும். நீலம் கலந்த சாம்பலாகத் தீட்டினால் பின்னுக்குப் போகும். கோடு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கிட்டே வரும். மூலை, மூலையாகத் தெரியாமல் வளைந்து போக வேண்டும். விளக்கைத் தப்பான இடத்தில் வைத்தாலோ, முன்னிருக்கும் மரத்தின் நிழல் வானத்தில் விழும். அத்தனை நாள் உழைப்பும் அந்த ஒரு நிழலில் போய்விடும்.

எல்லாவற்றிலும் கஷ்டம், தரை முடிந்து திரை தொடங்குகிற இடம். நேராகப் போகிற சாலையைத் திரையிலும் தொடர்ந்து வரைந்தால், ஒரே ஓர் இடத்தில் நின்று பார்க்கிறவனுக்கு மட்டும் அது சரியாக இருக்கும். அவன் அரையடி நகர்ந்தால் சாலை முறிந்துவிடும். ஆகவே கைதேர்ந்தவன் சாலையை ஒரு மேட்டுக்குப் பின்னால் திருப்பிவிடுகிறான். ஓர் ஆலைக் கட்டடத்தின் முன்பக்கத்தை மட்டும் செய்து சுவரோடு சாத்துகிறான். ரயிலை ஒரு பாலத்துக்கு அடியில் மறையவிடுகிறான். எதைக் காட்டுவது என்பதைப் போலவே, எதை எந்த இடத்தில் மறைப்பது என்பதும் அவனுக்குத் தொழில்.

இந்தக் கலையில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் அமெரிக்கர், ஜான் ஆலன். தொழில் புகைப்படம். கலிபோர்னியாவில் மாண்டரே நகரத்தில் தம் வீட்டின் கீழ்த்தளத்தில், உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மலைநாட்டையும் அதில் ஒரு ரயில்வேயையும் சிருஷ்டித்தார். அதற்கு அவர் வைத்த பெயரை வாயால் சொல்லிப் பார்த்தால் 'ரத்தக்களரியும் தோல்வியும்' என்று பொருள் தரும் ஒரு சிலேடை. மலைகள் தரையிலிருந்து கூரைவரை எழும்பி நின்றன. இடம் போதாத இடத்தில், நம் கொலுக் குளத்தைப்போல, கண்ணாடி வைத்து இடத்தைப் பெருக்கினார். மற்றவர்கள் எஞ்சினைப் பளபளவென்று மெருகிட்டு வைத்த நாளில், இவர் புகையும் துருவும் எண்ணெய்க் கறையும் பூசினார். தண்டவாளத்தில் வண்டிகளை இழுத்துத் தள்ள, எஞ்சினுக்குப் பதிலாக எம்மா என்று ஒரு டைனோசரை விட்டிருந்தார்! அப்படியும் படத்தைப் பார்த்தால் அந்த நாட்டை நம்புகிறோம். துரு பொய் சொல்லவில்லை. ஆகவே டைனோசரையும் மன்னித்துவிடுகிறோம்.

மற்றவர் ராய் இங்லண்ட். பெயர்தான் அப்படி, பிறந்தது ஆஸ்திரேலியாவில். 1925-இல் இங்கிலாந்துக்கு வந்தவர், வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்ற பிரதேசத்தில் மனதைப் பறிகொடுத்தார். குன்றின்மேல் சுண்ணாம்புக் கல்லால் ஆன, ஏறக்குறைய மூவாயிரம் வருஷத்துக் குதிரை உருவம் ஒன்று அங்கே இருக்கிறது. அவர் கண்ணெதிரிலேயே அந்த ஊர்களின் பழைய கூரைகள் போய்ப் புதியவை வந்தன. தடுக்க அவரால் முடியாது. அளந்து, குறித்து, அட்டையிலும் நீர்வண்ணத்திலும் அந்த வீடுகளைச் செய்து வைக்க முனைந்தார். 1954-இல் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் தொடங்கிய பெண்டன் மியூசியம் அப்படிப் பிறந்தது. ஒரு குடிசைக்கே நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கிற வேலை. அவர் 1995-இல் இறந்த பின்னும் மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

ஒருவர் கற்பனைக்காரர், மற்றவர் நகல்காரர் என்று பிரித்துவிட்டால் விமர்சனம் சுலபமாக முடிந்துவிடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கதை எழுதுகிறவனாகையால் என் ஓட்டு ஆலனுக்கு. ஆனால் பெண்டனின் கிராமத்தைப் பற்றிப் படித்தபோது பிரமித்தேன். ஒவ்வொரு வீடும் எங்கோ நிஜமாக நின்ற வீடு. ஆனால் பெண்டன் பார்வா என்ற அந்தக் கிராமம் எங்குமே கிடையாது. பல ஊர்களிலிருந்து பொறுக்கி எடுத்த வீடுகளைச் சேர்த்து ஓர் ஊரைக் கற்பனை செய்திருக்கிறார்கள். நகல்காரர் என்று நான் நினைத்தவர் நாவலாசிரியராகவே இருந்திருக்கிறார்.

குறையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த படங்களில் அந்தப் பள்ளத்தாக்கில் எப்போதும் வெயில் இனிக்கிறது. 1920-களில் இங்கிலாந்தின் விவசாயம் நொடித்துப்போன காலம். அந்த அழகான வைக்கோல் கூரைகளுக்கு அடியில் கூலிக்காரனின் ஈரச்சுவரும் இருந்திருக்கும். அன்பு மிகுந்தவர் கண்ணுக்கு அது படவில்லை, அல்லது பட்டும் விட்டுவிட்டார். ஆலனின் துரு இங்கே கொஞ்சம் வேண்டியிருக்கிறது. ஆலனிடமோ மாறான குறை: அவர் ஊரில் எதையும் இழந்த துக்கம் இல்லை. விளையாட்டின் பூரிப்பு இருக்கிறது, அதற்குமேல் இல்லை. இரண்டில் ஒன்றைப் பொறுக்கச் சொன்னால், இன்று என் ஓட்டு ராய் இங்லண்டுக்கு. எந்த வீட்டை எடுப்பது, எதை விடுவது என்பதை அவருக்கு ஒரு துக்கம் சொல்லிக் கொடுத்தது. அளவுகோல் அதற்குப் பிறகு வந்தது.

விதி வேறு மாதிரித் தீர்ப்பளித்ததையும் சொல்லிவிடுகிறேன். 1973 ஜனவரியில் ஆலன் இறந்தார். பத்து நாள் கழித்து அந்த வீட்டில் தீப்பிடித்து, மலைநாடு பெரும்பாலும் அழிந்தது. இன்று நம்மிடம் இருப்பவை அவர் எடுத்த படங்கள். ஒருவகையில் அவை நிழலின் நிழல். அப்படியும் அந்த ரயில் மலையேறுகிறது என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் கலைஞனுக்கு வேண்டாம்.

என் நண்பர் சொன்னது இப்போது புரிகிறது. தூண்களை எண்ணினேன், எந்தத் தூணை எதற்காக எண்ணுகிறேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. தெருவைச் செய்தேன், வானத்தைச் செய்யவில்லை. தெரு முடிகிற இடத்தில் வாசகன் சுவரில் முட்டிக்கொண்டான். அந்தத் தெருவில் இருந்து போனவர்கள்மேல் எனக்கு உண்மையில் துக்கம் உண்டு. அதை எழுதினால் மிகையாகிவிடும் என்று பயந்து தூண்களை எழுதினேன்.

மறுபதிப்பு வரப்போகிறது என்று பதிப்பாளர் சொல்கிறார். தூண்களில் பாதியை எடுத்துவிட்டேன். தெருக்கோடி வீட்டுக் கிழவியை, முதல் பதிப்பில் ஒரு வரியில் சாகவிட்டவளை, கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறேன். நண்பர் மறுபடியும் நடந்து பார்த்துச் சொல்லட்டும்.