சிவப்பு வயலினும் அதன் விலையும்

பிரான்ஸ்வா ஜிரார் என்ற கனடா நாட்டு டைரக்டர் 1998-ல் ‘சிவப்பு வயலின்’ என்று ஒரு படம் எடுத்தார். 1681-ல் இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் செய்த வயலின் ஒன்று வியன்னா, ஆக்ஸ்போர்டு, ஷாங்காய் என்று கைமாறி, முந்நூறு வருஷம் கழித்து மான்ட்ரியாலில் ஏலத்துக்கு வருகிறது. வாத்தியமும் கற்பனை, செய்தவனும் கற்பனை. ஜான் கோரிலியானோவின் சங்கீதம் ஆஸ்கார் பரிசு பெற்றது. அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கெல்லாம் கதையோடுதான்.

கதையில் உயிருள்ள பாத்திரம், வயலினை மதிப்பிட வருகிற மோரிட்ஸ். மதிப்பீட்டாளர் வாசித்துப் பார்த்து விலை சொல்வதில்லை. ‘இது யார் கை வேலை?’ என்ற ஒரே கேள்விதான் அவருக்கு. தலைச் சுருளைச் செதுக்கிய விதம், ‘எஃப்’ எழுத்துப் போன்ற துளைகளின் வளைவு, வார்னிஷ், பழுது பார்த்த தழும்புகள், யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறு - எல்லாவற்றையும் பார்ப்பார். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் லேசில் நம்பமாட்டார். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் மலிவு வயலின்களைக் குவியல் குவியலாகச் செய்து, ஸ்ட்ராடிவாரி பெயர் அச்சடித்த சீட்டை ஒட்டி அனுப்பினார்கள். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று 1890-ல் அமெரிக்கா சட்டம் போட்டதும், அதே சீட்டில் ‘ஜெர்மனி’ என்றும் அச்சாயிற்று! பரணில் கிடைத்த வயலினைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் கனவு பெரும்பாலும் இந்தச் சீட்டோடு முடிந்துவிடும். மர வளையங்களை எண்ணிப் பார்ப்பதும் உண்டு. ஸ்ட்ராடிவாரி இறந்தது 1737-ல். அதற்குப் பிந்திய வளையம் மேல்பலகையில் இருந்தால் வயலின் அவருடையதல்ல. இல்லாவிட்டால்? அப்போதும் அவருடையதுதான் என்று ருசுவாகாது.

இத்தனை சுவையான சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜிரார் என்ன செய்கிறார்? வார்னிஷை ரசாயனச் சோதனைக்கு அனுப்பிவிடுகிறார். பிரசவத்தில் இறந்த மனைவியின் ரத்தத்தைச் செய்தவன் அதில் கலந்திருக்கிறானாம்! இந்த ரகசியம் தெரிந்தபின் மோரிட்ஸின் கண்ணுக்கும் காதுக்கும் வேலையில்லாமல் போகிறது. நல்ல பாத்திரத்தை இப்படியா வீணடிப்பது?

விலைக்கும் நாதத்துக்கும் உள்ள உறவு ரத்தம் கலக்காமலே விசித்திரமானது. 2010-ல் இண்டியானாபொலிஸில் 21 வித்வான்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, 3 பழைய இத்தாலிய வயலின்களையும் 3 புது வயலின்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். ‘வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றைச் சொல்லுங்கள்’ என்றபோது 13 பேர் புதியதையே சொன்னார்கள். விலை இறங்கிற்றா? மறு வருஷமே, ‘லேடி பிளன்ட்’ என்ற ஸ்ட்ராடிவாரி 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

படத்தின் முடிவில், லண்டனிலிருந்து வரவழைத்த நகலை ஏலத்தில் வைத்துவிட்டு, மோரிட்ஸ் அசலைத் தன் மகளுக்காகத் திருடிக்கொண்டு போகிறான். நகல் 24 லட்சம் டாலருக்குப் போகிறது. காமிராவோ திருடன் பின்னால் ஓடிவிடுகிறது. நானாக இருந்தால் ஏலத்தில் எடுத்தவர் வீட்டுக்குப் போயிருப்பேன். அன்று இரவு அவர் வீட்டில் நகல் வாசிக்கப்படும். நன்றாகத்தான் இருக்கும். நாலு பேர் கண் கலங்குவார்கள். சந்தேகம் யாருக்கும் வராது. அந்த வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத்தான் ஜிரார் திரும்பிப் போய்விட்டார்.